பயணக் கட்டுரையில் ஐம்புலன்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பயணக் கட்டுரை எழுதத் தொடங்கியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் இங்கே உள்ளன. எடுத்துக்காட்டுகள் நீலகிரி மலை ரயில், மதுரைப் பூச்சந்தை, தனுஷ்கோடி, தூத்துக்குடி போன்ற, பலரும் போய்வந்த இடங்களிலிருந்தே எடுக்கப்பட்டுள்ளன. வாசகருக்கு ஏற்கெனவே தெரிந்த இடத்தை வைத்துப் பேசினால்தான் எழுத்தின் குறையும் நிறையும் கண்ணில் படும்.

பயணக் கட்டுரைக்குப் புலன் விவரங்கள் எதற்கு?

நீங்கள் போன இடத்துக்கு வாசகர் வரவில்லை. ‘அழகான ஊர்’ என்று எழுதினால் அவருக்கு உங்கள் தீர்ப்பு கிடைக்கிறது, ஊர் கிடைப்பதில்லை. அதற்காக மணம், ஒலி, சூடு, குளிர் என்று அடுக்கிவிட்டாலும் ஊர் வந்துவிடாது. ‘குளிர்ந்த காற்று’ கொடைக்கானலுக்கும் பொருந்தும், குளிர்சாதன அறைக்கும் பொருந்தும். ஓர் இடத்தில் நாம் உணரும் எதற்கும் அந்த இடத்திலேயே ஒரு காரணம் இருக்கிறது: அங்கே நடக்கும் தொழில், வீசும் காற்று, கட்டடத்தின் கல், அன்றைய பொழுது. அந்தக் காரணத்தை விசாரித்துத் தெரிந்துகொண்டு எழுதப்பட்ட விவரம் வேறு ஊருக்குப் பெயர்த்துக்கொண்டு போக முடியாததாகிவிடும். கீழே வரும் விடைகள் அனைத்தும் இந்த ஒரு கருத்தைச் சுற்றியே அமைந்தவை.

கண்ணால் கண்டதை நன்றாக எழுதினால் போதாதா?

ஒரு காலத்தில் போதுமாக இருந்திருக்கலாம். இன்று ஊட்டியின் தாவரவியல் பூங்காவையும் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தையும் படத்தில் பார்க்காத வாசகர் அரிது. கைப்பேசி காட்டியதையே சொற்களால் மறுபடியும் காட்டுவதில் அவருக்குப் பயன் குறைவு. கேமராவால் கொண்டுவர முடியாதவை மூக்கிலும் நாக்கிலும் தோலிலும்தான் இருக்கின்றன. உயிர்களை அறிவால் வகைப்படுத்தும் தொல்காப்பிய மரபியல், தொடுவுணர்வை முதலிலும் நாவை அடுத்தும் மூக்கை அதன் பின்னும் வைத்து, கண்ணை நான்காவதாகத்தான் சொல்கிறது. பயணக் கட்டுரையாளர்கள் இந்த வரிசையைச் சிறிது காலம் கடைப்பிடித்துப் பார்ப்பது நல்லது என்பது என் எண்ணம்.

ஆனாலும் கண்ணை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. மற்றவர்கள் படம் எடுக்காத பக்கம் அதைத் திருப்பினால் போதும்: கோபுரத்தைப் பார்த்தது போக, அதன் அடியில் வழுவழுப்பாகத் தேய்ந்துபோன படியையும் பார்க்கலாம்.

தட்டையான ஒரு பத்தியை எப்படித் திருத்துவது? ஓர் எடுத்துக்காட்டு தர முடியுமா?

மலை ரயிலைப் பற்றிப் புதியவர்கள் எழுதும் பத்தி பெரும்பாலும் இப்படி இருக்கும்: “மேட்டுப்பாளையத்திலிருந்து கிளம்பிய ரயில், இயற்கை எழில் கொஞ்சும் காடுகளின் ஊடே வளைந்து நெளிந்து சென்றது. குளுகுளு காற்று முகத்தை வருட, கண்கொள்ளாக் காட்சிகள் எங்களை வேறு உலகத்துக்கு அழைத்துச் சென்றன.” இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் எழுதியவர் அந்த ரயிலில் ஏறினார் என்பதற்கு இதில் ஒரு தடயமும் இல்லை.

திருத்துவதற்கு முன் ரயிலைப் பற்றிச் சிலவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மேட்டுப்பாளையத்துக்கும் உதகைக்கும் இடையே பாதை 46 கிலோமீட்டர். 1899-இல் குன்னூர் வரையிலும் 1908-இல் உதகை வரையிலும் போடப்பட்டது. கல்லாறு வரை ஏறத்தாழச் சமதரை. கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை, 12 அடி முன்னேறினால் 1 அடி உயரும் அளவுக்குச் செங்குத்தான ஏற்றம் வருவதால், தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் கொண்ட இரும்புப் பட்டை பதிக்கப்பட்டிருக்கிறது. எஞ்சினின் பல்சக்கரம் அந்தப் பற்களைப் பற்றிக்கொண்டு ஏறுகிறது. ஏறும்போது எஞ்சின் பெட்டிகளுக்குப் பின்னால் நின்று தள்ளும். குன்னூரில் நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சினை மாட்டுவார்கள்.

இவ்வளவும் தெரிந்த பின் அதே பத்தியை இப்படி எழுதலாம்: “கல்லாறு வரை பாக்குத் தோப்புகளுக்கு நடுவே எல்லா ரயிலையும் போலத்தான் ஓடிற்று. கல்லாற்றைத் தாண்டியதும் காலடியில் ஒரு குலுக்கல். இரும்பின் பல் இரும்பில் பதிந்த அதிர்ச்சி பலகை இருக்கை வழியாக முதுகுத்தண்டுக்கு வந்தது. அதன் பிறகு ஓட்டம் போய் ஏற்றம் என்றாகிவிட்டது. மூச்சு வாங்கும் சத்தம் முன்னாலிருந்து வரும் என்று காத்திருந்தால் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. சுரங்கத்துக்குள் நுழைந்தபோது கடைசிப் பெட்டிக்காரர்கள்தான் முதலில் இருமினார்கள். ஹில்குரோவ் நிலையத்தில் எஞ்சின் தண்ணீர் குடிக்க நின்றது. இறங்கிய பயணிகளின் கையிலிருந்த பொட்டலங்களைக் குரங்குகள் கணக்கெடுத்துக்கொண்டிருந்தன. குன்னூரில் டீசல் எஞ்சின் மாட்டப்பட்டதும் அந்த மூச்சு நின்றுபோனது.”

இரண்டாவது பத்தியில் ‘அழகு’ என்ற சொல்லே இல்லை. உணர்ச்சியைப் பெயர் சொல்லிக் குறிக்கவும் இல்லை. குலுக்கல், பின்னாலிருந்து வரும் ஒலி, புகை, ஒலி மாற்றம் ஆகிய நான்கும் அந்தப் பாதையின் அமைப்பிலிருந்தே பிறக்கின்றன. இவற்றில் ஒன்றையாவது வைகை எக்ஸ்பிரஸுக்கு மாற்றிப் பாருங்கள், பொருந்தாது.

மணத்தை எழுதுவதுதான் கடினமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

முதலில், இல்லாத மணத்தை எழுதாமல் இருக்க வேண்டும். நீலகிரியைப் பற்றிய கட்டுரைகளில் ‘தேயிலைத் தோட்டங்களின் நறுமணம் காற்றில் கமழ்ந்தது’ என்ற வரி வந்துகொண்டே இருக்கிறது. செடியில் நிற்கும் தேயிலைக்குச் சொல்லும்படியான மணம் கிடையாது. ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்தால் பச்சிலை வாடைதான் வரும். நாம் தேநீரோடு சேர்த்து நினைக்கும் மணம் தொழிற்சாலைக்குள் பிறக்கிறது. பறித்த இலையை வாட்டும் கூடத்தில் வெட்டிய புல்லின் வாடை. இலையை நசுக்கிக் காற்றுப்படப் பரப்பி வைக்கும் இடத்தில் பழ வாசனை. உலர்த்தும் இயந்திரத்தின் அருகே போனால்தான் நமக்குப் பழகிய தேயிலைத்தூள் மணம். குன்னூர்ப் பக்கம் தொழிற்சாலையைச் சுற்றிக் காட்டும் இடங்களில் இந்த மூன்றையும் வரிசையாக முகர்ந்துவிட்டு வரலாம். கமழாத தோட்டத்தைக் கமழ்ந்தது என்று எழுதியவர், அங்கே போயும் மூக்கைப் பயன்படுத்தவில்லை என்று தாமே சாட்சி சொல்கிறார்.

இரண்டாவது, மணத்துக்குப் பொழுது உண்டு. மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைப் பற்றி எழுதாத மதுரைக் கட்டுரை இல்லை. ஆனால் மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குக் காலையில் வருவது பூவன்று, மொட்டு. விடியலில் மொட்டாகப் பறிக்கப்படும் மல்லி, மாலை மயங்கும் நேரத்தில்தான் விரிந்து மணத்தை விடுகிறது. காலைச் சந்தையில் மூக்கைப் பிடித்து இழுப்பவை ஈரச் சாக்கும், மிதிபட்ட இலையும், செண்டுமல்லியின் காரமான பச்சை வாடையும்தான். மல்லியின் மணத்தை எழுத வேண்டுமானால் அந்தி சாய்ந்த பின் கோயிலைச் சுற்றிய வீதிகளில், பூக்காரம்மா முழம் போட்டுக்கொடுக்கும் இடத்தில் நின்று எழுத வேண்டும். காலையில் பார்த்த மொட்டு மாலையில் என்ன ஆயிற்று என்று சொன்னால், வாசகருக்கு ஒரு பகல் முழுவதும் கையில் கிடைக்கும்.

மூன்றாவது, மூக்கு விரைவில் பழகிவிடும். கருவாட்டுக் கொட்டகைக்குள் நுழைந்த சில நிமிடங்களில் அந்த வாடை குறைந்ததுபோலத் தோன்றும். வாடை குறையவில்லை, மூக்குதான் பழகிவிட்டது. ஆகவே மணத்தைப் பற்றிய குறிப்பை வாசலிலேயே எழுதிவிட வேண்டும்.

சொல்லுக்குத் தமிழில் பஞ்சமில்லை. கவிச்சி, முடை, நெடி, கமறல், வீச்சம், புழுக்க வாடை, மண்வாசனை, தாளிப்பு மணம் என்று வீட்டில் தினமும் புழங்கும் சொற்களை எழுதும்போது மட்டும் மறந்துவிட்டு ‘நறுமணம்’, ‘துர்நாற்றம்’ என்ற இரண்டு சொற்களோடு முடித்துக்கொள்வது ஏன் என்றுதான் புரியவில்லை.

ஒலியை எழுதும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

ஒலியை எழுப்புவது யார், எதற்காக என்பதைக் கவனிக்க வேண்டும். இதற்குத் தமிழில் மிகப் பழைய பாடம் இருக்கிறது. பரிசில் பெறப் போகும் கூத்தருக்கு வழி சொல்லும் மலைபடுகடாம், 583 அடிகள் கொண்ட ஆற்றுப்படை நூல். அதில் மலையில் கேட்கும் ஓசைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. அருவி மட்டும் இரைவதில்லை: தினைப்புனத்தில் கிளி ஓட்டுகிறார்கள், தேன் எடுத்தவர்கள் ஆரவாரம் செய்கிறார்கள், கரும்பு ஆலை ஒலிக்கிறது, பெண்கள் பாடிக்கொண்டே தினை குற்றுகிறார்கள். கேட்கும் ஓசையிலிருந்து மலையின் வாழ்க்கை முழுவதும் விளங்கிவிடுகிறது.

நம் காலத்து எடுத்துக்காட்டுக்குத் தனுஷ்கோடிக்குப் போகலாம். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் அழிந்த ஊர். இடிந்த தேவாலயச் சுவர் இன்னும் நிற்கிறது. 2017 முதல் அரிச்சல்முனை வரை வண்டியிலேயே போக முடிகிறது. ‘அலைகளின் ஓசை காதில் விழுந்தது’ என்றுதான் பலரும் எழுதுகிறார்கள். சாலையின் இரு பக்கமும் கடல் என்பதால், எந்தப் பக்கத்து ஓசை என்ற கேள்வி அங்கே எழாமல் இருக்க முடியாது. பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்றும் மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண் கடல் என்றும் மீனவர்கள் சொல்வார்கள். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மன்னார்ப் பக்கம் இரையும், மற்றது குளம் போல் கிடக்கும். வடகிழக்குப் பருவத்தில் நிலைமை மாறிவிடும். எந்த மாதத்தில் போனீர்கள், எந்தக் காதில் இரைச்சல் கேட்டது என்று எழுதினாலே கடலின் குணமும் காற்றின் திசையும் சேர்ந்து வந்துவிடும்.

சலசல, கடகட போன்ற இரட்டைக்கிளவிகளைத் தாராளமாகப் பயன்படுத்தலாமா?

தேவைப்படும் இடத்தில் ஒன்று போதும். ‘சலசலவென ஓடும் ஓடை’ தேய்ந்துபோய்விட்டது. வாசகர் கண் அதன் மேல் நிற்பதில்லை. ஊரார் வாயிலிருந்து புதிதாக ஒரு ஒலிக்குறிப்பு காதில் விழுந்தால் அதை அப்படியே எழுதுங்கள்.

உணவைப் பற்றி எழுதினால் ‘நாவில் நீர் ஊறியது’ என்பதற்கு மேல் போக முடியவில்லை.

சுவை என்று நாம் சொல்வதில் பாதி பல்லும் அண்ணமும் அறிவது. தூத்துக்குடி மக்ரூனை எடுத்துக்கொள்ளுங்கள். முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி ஆகியவற்றால் ஆன கூம்பு வடிவத் தின்பண்டம். ‘வாயில் போட்டதும் கரைந்தது’ என்பது பாதி உண்மைதான். நுனியைக் கடித்தால் முதலில் கண்ணாடி போல நொறுங்கும். பிறகு நாக்கில் காற்றாகக் கரையும். கடைசியில் கரையாமல் நிற்கும் முந்திரித் துகளை மெல்ல வேண்டியிருக்கும். இந்த மூன்றும் சில நொடிகளில் நடந்துவிடுவதால் வரிசையைக் கவனித்து எழுதுபவர் குறைவு. ஈரக்காற்றில் திறந்து வைத்தால் மொறுமொறுப்பு போய்ப் பிசுபிசுப்பாகிவிடும் என்பதால்தான் கடைக்காரர் பையை இறுக்கிக் கட்டித் தருகிறார். அந்தக் கடற்கரை ஊரின் காற்றே அந்த முடிச்சில் இருக்கிறது.

விலையையும் கடையின் பெயரையும் எழுத வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: எழுதலாம், ஆனால் அவை சுவை விவரத்துக்கு ஈடாகா.

தொடுவுணர்வு, வெப்பம் ஆகியவற்றைப் பலரும் விட்டுவிடுகிறார்களே?

தோல் இடைவிடாமல் செய்தி சொல்லிக்கொண்டே இருப்பதால் நாம் அதைப் பொருட்படுத்துவதில்லை. மலை ரயிலிலேயே பாருங்கள்: கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 330 மீட்டர் உயரத்தில் கிளம்பி 2,200 மீட்டருக்கு ஏறுகிறோம். ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி என்ற கணக்கில் குளிர் கூடும். இந்தக் கணக்கை எழுத வேண்டியதில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தவர் எந்த நிலையத்தில் இறக்கிவிட்டார், சன்னல் ஓரத்தில் இடம் பிடிக்கச் சண்டை போட்டவர் எங்கே சன்னலை மூடினார் என்று எழுதினால் போதும்.

தூத்துக்குடி உப்பளங்களுக்குப் போகிறவர்கள் வெண்மையைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அந்த வெண்மை, பார்ப்பதைவிட உடம்பால் உணரப்பட வேண்டியது. வெயில் மேலிருந்து ஒரு முறையும் உப்பிலிருந்து எதிரொளித்து இன்னொரு முறையும் தாக்குவதால் தொப்பியின் நிழலுக்குள்ளும் முகம் எரியும். கண்ணை இடுக்காமல் நிற்க முடியாது. தொழிலாளர்கள் விடியும் முன்பே பாத்தியில் இறங்குவது ஏன் என்று அப்போது யாரும் சொல்லாமலே விளங்கும். பாத்தி நீரில் விரலை நனைத்தால் சாதாரணக் கடல்நீர் போல இருக்காது. வெயிலில் வற்றிக் கெட்டிப்பட்ட நீர் எண்ணெய் போல வழுக்கும், உலர்ந்ததும் தோலை இழுத்துப் பிடிக்கும். வரப்பில் காலை வைத்தால் உப்பு நொறுங்கும். வெறுங்காலாக இருந்தால் படிகம் குத்தும். கையில் ஒரு கீறல் இருந்தால் உப்புநீர் அதை உடனே கண்டுபிடித்துவிடும். அரை மணி நேரம் நின்ற பார்வையாளருக்கே இப்படி என்றால், பலகை கொண்டு உப்பு வாருகிறவரின் உள்ளங்காலைப் பற்றி ஒரு கேள்வியாவது கேட்டுவிட்டு எழுதுவதே முறை.

குறிப்பு எடுப்பது எப்படி? பயணத்தை அனுபவிக்க விடாதே அது.

நீளமாக எழுதத் தேவையில்லை. ‘கல்லாறு – குலுக்கல் – இருக்கை வழியாக’ என்பது போதும். இடம், புலன், எங்கிருந்து வந்தது என்ற மூன்றும் இருந்தால் ஊர் திரும்பிய பின் பத்தி விரியும். ஒலிகளுக்குக் கைப்பேசியில் ஒரு நிமிடப் பதிவு எடுத்துக்கொள்ளலாம். கேட்கும்போது மற்றவையும் நினைவுக்கு வரும். படம் எடுத்த இடத்தில் கேமராவுக்குத் தெரியாத ஒன்றை ஒரு சொல்லில் குறித்துக்கொள்ளும் பழக்கமும் நல்லது. காரணம் தெரியாத எதற்கும் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இட்டுவிட்டு, தேநீர்க் கடையிலோ ஆட்டோவிலோ விசாரியுங்கள். “இது என்னண்ணே, இப்படி ஒரு வாடை?” என்று கேட்டால் பெரும்பாலும் பதில் கிடைக்கும்; பல வேளைகளில் அந்தப் பதிலே கட்டுரையின் சிறந்த பகுதியாகிவிடும்.

குறிப்பு எடுக்காமல் வந்துவிட்டேன். பொருத்தமாக எதையாவது சேர்த்துக்கொள்ளலாமா?

கூடாது. வேறொருவருடைய காணொளியைப் பார்த்தோ செயற்கை நுண்ணறிவுச் செயலியைக் கேட்டோ மணத்தையும் ஒலியையும் நிரப்பினால், எல்லோரும் எழுதும் வரிதான் வந்து சேரும்; தேயிலைத் தோட்டம் கமழத் தொடங்குவது இப்படித்தான். நினைவில் நிற்பது ஒன்றே ஒன்று என்றால் அந்த ஒன்றை வைத்து எழுதுங்கள். உடன் வந்தவர்களிடம் கேட்பதில் தவறில்லை. ‘தங்கை சொன்னாள்’ என்று அதையும் எழுதிவிடலாம்.

கெட்ட வாடை, அழுக்கு, நெரிசல் ஆகியவற்றை எழுதலாமா?

எழுத வேண்டும், விட்டுவிட்டால் அது விளம்பரத் துண்டுப்பிரசுரம் ஆகிவிடும். ஆனால் இதில் மிகுந்த எச்சரிக்கை தேவை. மூக்கைச் சுளிப்பது நம் சமூகத்தில் நெடுங்காலமாகச் சாதியை இழிவுபடுத்தும் வழியாகவும் இருந்துவருகிறது. கருவாடு காயும் கரையில் வந்து போகிறவருக்கு வீச்சமாகப் படுவது, அங்கே இருப்பவருக்கு அன்றைய வருமானம். ஆகையால் வாடையைப் பொருளோடு சேர்த்து எழுதுங்கள்: மீன், உப்பு, வெயில், காயப் போட்ட வலை. மனிதரோடும் அவர் வீட்டோடும் தெருவோடும் சேர்த்து எழுதாதீர்கள். சாக்கடை நாறுகிறது என்றால் அதைத் தூர் வார வேண்டிய பொறுப்பு யாருடையது என்பதும் அதே வாக்கியத்தில் வரத்தக்கது.

ஒவ்வொரு பத்தியிலும் ஐந்து புலன்களும் வர வேண்டுமா?

வேண்டாம். ஓர் இடத்தில் ஒரு புலன் முந்தி நிற்கும். அதன் பின்னால் போங்கள். உப்பளத்தில் தோல், பூச்சந்தையில் மூக்கு, தனுஷ்கோடியில் காது. பயணத்தின் சலிப்பான பகுதிகளை, அதாவது பேருந்து மாறியது, அறை எடுத்தது போன்றவற்றை, ஒரே வாக்கியத்தில் கடந்துவிடுங்கள்.

‘நான் பார்த்தேன், கேட்டேன், உணர்ந்தேன்’ என்று எழுதலாமா?

பெரும்பாலும் தேவையில்லை. ‘மணி ஒலிப்பதை நான் கேட்டேன்’ என்பதைவிட ‘மணி ஒலித்தது’ என்பது வாசகரை அருகே கொண்டுபோகிறது. கேட்டது மணிதானா என்று உங்களுக்கே ஐயம் இருந்தால் மட்டும் ‘நான்’ உள்ளே வரலாம்.

வெளியிடும் முன் யாரிடம் படிக்கக் கொடுப்பது?

முடிந்தால் இருவரிடம். அந்த ஊரிலேயே வாழ்பவர் ஒருவர்: அவர் ‘பங்குனியில் அந்தப் பக்கம் கடல் இரையாதே’ என்று தவறைப் பிடித்துவிடுவார். அந்த ஊருக்குப் போகாத ஒருவர்: படித்து முடித்த மறுநாள், அவருக்கு என்ன நினைவிருக்கிறது என்று கேளுங்கள். எதைச் சொல்கிறாரோ அதை விட்டுவைத்து, அதைச் சுற்றியிருக்கும் பெயரடைகளை வெட்டத் தொடங்கலாம். எதுவுமே நினைவில் இல்லை என்று அவர் சொன்னால், வெட்டுவதற்கு முன் குறிப்பேட்டைத் திறந்து, கேள்விக்குறி இட்டுவிட்டு விசாரிக்காமல் விட்டவை எவை என்று பாருங்கள்.